கரைமேல் காற்று வாங்குதல்: ஓர் எதிர்வாசிப்பு

ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்களில் இப்போது ஒரு வகைக் கட்டுரை அடிக்கடி வருகிறது. சென்னையைச் சுற்றி நடப்பதற்கு வாகான ஏரிக்கரைகள் எவை, எத்தனை மணிக்குப் போனால் வெயில் ஏறாது, எந்த மாதத்தில் நத்தைகுத்தி நாரை வரும், நடந்து முடித்த பிறகு இட்லிக்கு எந்தக் கடை என்று சொல்லிக்கொண்டு போகிற கட்டுரை. படம் இருக்கும். படத்தில் தண்ணீர் இருக்கும், தண்ணீருக்கு மேலே வானம் இருக்கும், ஓரத்தில் கைவீசி நடக்கும் ஒருவரின் முதுகு இருக்கும். இவற்றை நான் வெட்டி எடுத்து ஒரு நோட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு வருகிறேன். எம்.ஏ.வில் சிற்றிலக்கிய வகை தொண்ணூற்றாறு என்று மனப்பாடம் செய்தோம். இதைத் தொண்ணூற்றேழாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். கேலிக்காகச் சொல்லவில்லை. இலக்கியமாகவே எடுத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

ஏனென்றால் இந்த வகைக்கு இலக்கணம் இருக்கிறது. நடப்பவர் வேலையாக நடக்கமாட்டார். தலையில் எதுவும் இருக்காது, இடுப்பில் எதுவும் இருக்காது, கையில் தண்ணீர் பாட்டிலைத் தவிர வேறு எதுவும் இருக்காது. ஏரி, அவர் வருவதற்கு முன்பே அங்கே இருக்கும். யார் வெட்டினார்கள், கரை யார் போட்டார்கள் என்ற கேள்வி எழாது. மலையைப் போல, மழையைப் போல அது 'இயற்கை'. நடுவில் மனிதர்கள் யாராவது தென்பட்டால் அவர்களுக்கு இரண்டே பெயர்தான். தூண்டில் போட்டால் 'உள்ளூர்வாசிகள்'. குடிசை போட்டால் 'ஆக்கிரமிப்பாளர்கள்'.

எங்கள் சீமையில் ஏரி இயற்கை அல்ல. ஆற்றுவளம் குறைந்த பழைய செங்கல்பட்டு ஜில்லாவில், சரிவான நிலத்துக்குக் குறுக்கே பிறை வடிவில் கூடைகூடையாகக் கொட்டி மிதித்து ஏற்றிய மண்தான் ஏரி. அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், பருத்திப்பட்டு, போரூர், செம்பரம்பாக்கம் என்று எதை எடுத்துக்கொண்டாலும் கரை இல்லாவிட்டால் ஏரி இல்லை. வெறும் சரிவு மட்டும்தான் இருக்கும். கரைக்கு உள்பக்கம் தண்ணீர். வெளிப்பக்கம் மதகு, மதகிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கழனி. கழனிக்கு ஓரமாக, மழைக்கு முதலில் முழுகுகிற பள்ளத்தில் சேரி. கரைமேல் நின்று பார்த்தால் இந்த நாலும் தெரியும். கட்டுரை எழுதுகிறவர் தண்ணீர்ப் பக்கமாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறார்.

நான் பிறந்து வளர்ந்தது ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில், ஒரு ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற காலனியில். எங்கள் காலனியில் 'ஏரிக்குப் போறது' என்றால் என்ன அர்த்தம் என்று அந்தக் காலனியில் பிறந்தவர்களுக்குத் தெரியும். கக்கூஸ் இல்லாத வீட்டுப் பெண்கள் இருட்டு பிரிவதற்கு முன்னால் நாலு பேராகச் சேர்ந்துகொண்டு கரைக்கு அந்தப் பக்கம் போவார்கள். பால்காரன் சைக்கிள் விளக்கு தெரிந்தால் எழுந்து நிற்க வேண்டும். போன பிறகு மறுபடியும் உட்கார வேண்டும். வயசுக்கு வந்த பிறகு எத்தனையோ வருஷம் என் விடியற்கால நடை இதுதான். சூரியோதயம் பார்ப்பதற்கு ஏற்ற இடம் என்று ஏதோ ஒரு கட்டுரையில் ஏரிக்கரையைக் குறித்திருந்தார்கள். எங்களுக்குச் சூரியன் உதித்துவிட்டால் பேஜார். உதிப்பதற்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும்.

இதை இங்கே அனுதாபத்துக்காக எழுதவில்லை. ஒரே கரையில் இரண்டு நடை இருந்திருக்கிறது, ஒன்றுக்குத்தான் எழுத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்பதைச் சொல்வதற்காக எழுதுகிறேன்.

ஆவடி பருத்திப்பட்டு ஏரியை எடுத்துக்கொள்வோம். சுமார் 87 ஏக்கர். ஊர்ச் சாக்கடை எல்லாம் வந்து விழுந்துகொண்டிருந்த ஏரி. சுமார் 28 கோடி ரூபாய் செலவில் தூர்வாரி, கரையை அகலப்படுத்தி, மூன்று கிலோமீட்டர் போல நடைபாதை போட்டு 2019இல் பூங்காவாகத் திறந்தார்கள். அதே 2019இல்தான் ஆவடி மாநகராட்சி ஆனது. (ஆவடியில் டாங்க் என்றால் 1961இல் வந்த கனரக வாகனத் தொழிற்சாலை செய்கிற டாங்க். வெள்ளைக்காரன் கணக்கு நோட்டில் ஏரிக்கும் டாங்க் என்றுதான் பேர். ஊருக்கு இருந்தது ஒரு டாங்க், சர்க்கார் கொண்டுவந்தது இன்னொரு டாங்க் என்று எங்கள் சித்தப்பா சொல்வார்.) நான் அங்கே நடக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. சர்க்கரை வியாதி வந்த எங்கள் சனமும் நடக்கிறது. நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு, மூன்று மூன்று பேராகக் கதை பேசிக்கொண்டு நடக்கிறார்கள். அவர்கள் யாரும் நான் ஒட்டி வைத்திருக்கிற படங்களில் வரவில்லை. அதைவிட, விடிவதற்கு முன்னால் வந்து இம்மாதிரிப் பாதைகளைப் பெருக்கிவிட்டுப் போகிற ஒப்பந்தத் துப்புரவுப் பெண்கள் எந்த ஊர்ப் படத்திலும் வருவதில்லை. நடப்பவர் வரும்போது பாதை சுத்தமாக இருக்கிறது. அதுவும் இயற்கை.

இது நேற்று முளைத்த பார்வை அல்ல. தமிழில் உலா என்று ஒரு இலக்கியமே இருக்கிறது. ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்களுக்கு மூவருலா பாடினார். அரசனோ சாமியோ வீதியில் பவனி வருவார்கள். பேதையிலிருந்து பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் பார்த்து மயங்குவார்கள். வேலையில்லாமல், சும்மா, பார்க்கப்படுவதற்காகவே ஒருவன் நடப்பது அல்லது ஊர்ந்து போவது இலக்கியத்துக்குரிய பொருள் என்று தமிழ் தீர்மானித்திருக்கிறது. அது எந்த வீதி? சாமி புறப்பாடு எந்தத் தெருவோடு திரும்பிப் போகும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். உலா வராத தெருவில் இருந்தவர்களுக்கு உலா இலக்கியம் கிடையாது. உலாத்துவது என்ற சொல்லே எங்கள் வீட்டில் திட்டாகத்தான் புழங்கியது. 'இன்னா உலாத்திகினு கீற, வேலவெட்டி இல்லியா?'

நவீன காலத்தில் உலாவை உரைநடைக்குக் கொண்டுவந்தவர் கல்கி. 'பொன்னியின் செல்வன்' 1950இலிருந்து 1954 வரை தொடராக வந்தது. அதன் முதல் அத்தியாயத்தை மறந்த தமிழ் வாசகர் குறைவு. ஆடிப் பதினெட்டு. வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரைமேல் மெதுவாகப் போகிறான். ஏரி நிறைந்து கிடக்கிறது. சனங்கள் குடும்பம் குடும்பமாகக் கரைக்கு வந்து சோறு தின்று பாட்டுப் பாடுகிறார்கள். தமிழில் எழுதப்பட்ட ஏரிக்கரை உலாக்களிலேயே ஆகப் பிரபலமானது இதுதான். நல்ல எழுத்து என்பதை நான் மறுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நானும் அந்தக் குதிரைக்குப் பின்னாலேயே ஓடியவள்தான். ஏரிக்கு எழுபத்து நாலு கணவாய் என்று கணக்கும் அதில் வருகிறது. சரி, எழுபத்து நாலு கணவாய் இருந்தால் அவற்றைத் திறந்து மூட ஆள் வேண்டாமா? அந்த ஆள் யார், எங்கே குடியிருந்தான், ஆடிப் பதினெட்டுக்கு அவன் பெண்டாட்டி பிள்ளைகள் எந்தக் கரையில் உட்கார்ந்து சோறு தின்றார்கள்? கதை கேட்கவில்லை. வாசகரும் கேட்கவில்லை. குதிரைமேல் இருக்கிறவனின் கண்ணை நாம் இரவல் வாங்கிக்கொண்டோம். எழுபது வருஷமாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்றைய ஞாயிறு கட்டுரை எழுதுகிறவர் குதிரையிலிருந்து இறங்கி ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

சினிமாவும் இதில் கைவைத்தது. 1957இல் வந்த 'முதலாளி' படத்தில் டி.எம். சௌந்தரராஜன் பாடிய ஏரிக்கரைப் பாட்டு இன்றைக்கும் டீக்கடைகளில் கேட்கிறது. கரைமேல் ஒருத்தி போகிறாள், ஒருவன் பாடுகிறான். பாட்டு இனிமைதான். ஆனால் எங்கள் ஆயா அந்தப் பாட்டு வந்தால் ஒன்று சொல்வாள்: 'அவ இன்னாத்துக்குப் போறா, புல்லுக்கட்டு கீதா தலமேல? வெறுங்கையோட போனா எங்கள உடுவானா?' கரைமேல் வெறுங்கையோடு போகிற பெண்ணைப் பார்த்தால் ஆண்டை வீட்டு ஆள் கூப்பிட்டு வேலை வைத்துவிடுவான். அதனால் வேலை இருக்கிறதோ இல்லையோ கையில் அரிவாளும் ஒரு கயிறும் வைத்துக்கொண்டுதான் கரையேறுவார்களாம். இதைவிடச் சுருக்கமான திரை விமர்சனம் நான் படித்ததில்லை.

மதகைத் திறந்தவனுக்கு வருவோம். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையன், கம்புகட்டி என்று ஊருக்கொரு பேர். எங்கள் பக்கத்தில் கம்புகட்டி. பெரும்பாலான ஊர்களில் இது சேரியின் பொறுப்பு. ஏரியில் எத்தனை அடி தண்ணீர் இருந்தால் எத்தனை நாளைக்கு எந்தக் கழனிக்கு விடலாம் என்ற கணக்கு அவன் கையில் இருந்தது. அவனுக்குக் கழனி கிடையாது, அதனால்தான் பாரபட்சம் இல்லாமல் பங்கு போடுவான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாக விளக்கம் சொல்வார்கள். நிலம் கொடுக்காமல் விட்டதற்கு இப்படியும் ஒரு நியாயம். பல்லவர் காலத்துக் குமிழித் தூம்பு தெரியுமல்லவா, கரையை விட்டு ஏரிக்குள்ளே இரண்டு கல்தூண் நிற்கும். அதுவரை நீந்திப் போய், முழுகி, அடியில் இருக்கிற அடைப்பைத் தூக்க வேண்டும். மழைக்காலத்தில் ஏரி ததும்பும்போது கலங்கல் மட்டும் போதாமல் தூம்பைத் திறக்க இறங்கியவன் சில சமயம் மேலே வருவதில்லை. கரை நிற்காமல் உடைந்துகொண்டே இருந்தபோது ஒருவனையோ ஒருத்தியையோ பலி கொடுத்துக் கட்டினார்கள் என்ற கதையும் ஊருக்கு ஊர் இருக்கிறது. பலியானவர் எந்தத் தெரு என்று கதை சொல்கிறவரிடம் கேட்டுப் பாருங்கள்.

மடையன் என்று முட்டாளைத் திட்டுகிறோமே, அது மடை திறக்கிறவனிடமிருந்து வந்ததாக ஒரு பேச்சு இருக்கிறது. மடம் என்றால் அறியாமை, அதிலிருந்து வந்தது என்று அகராதிக்காரர்கள் சொல்வார்கள். எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஒருவரும் அப்படித்தான் சொன்னார், சொல்லிவிட்டுச் சிரித்தார். சொற்பிறப்பில் அகராதிக்காரர்களே சரியாக இருக்கலாம். ஆனால் அணைக்கட்டுப் பொறியாளரைக் குறிக்கிற சொல்லும் முட்டாளைக் குறிக்கிற சொல்லும் ஒரே ஒலியாக இருப்பது ஒரு சமூகத்துக்கு ஆயிரம் வருஷமாக உறுத்தவே இல்லை என்றால், அதை எந்த அகராதியில் தேடுவது?

கல்வெட்டுக்குப் போனாலும் கதை இதேதான். உத்திரமேரூர்க் கல்வெட்டு பத்தாம் நூற்றாண்டு, பராந்தகன் காலம். ஏரி வாரியம் என்று தனியாகக் குழு இருந்தது. குடவோலையில் தேர்ந்தெடுத்தார்கள், ஜனநாயகம் இங்கேதான் பிறந்தது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. பேர் எழுதிப் போட நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதம் தெரிய வேண்டும். அது பிராமணர்களின் சபை. அதாவது ஏரியை மேலாண்மை செய்தவர்கள் வாரியத்தில், ஏரிக்குள் முழுகியவர்கள் வெளியில். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் குளமும் வாய்க்காலும் வருகிற அதே வரிசையில் பறைச்சேரியும் சுடுகாடும் வரும். தீண்டாச்சேரி என்றும் ஒரு சொல் வரும். இராசராசன் காலத்திலேயே நாம் நீர்நிலைக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறோம். இன்றைக்கு வருவாய்த்துறை ஆள் வந்து 'நீர்நிலைப் புறம்போக்கில் நீ எப்ப வந்த' என்று கேட்கிறார்.

கும்பினிக்காரன் வந்த பிறகு 1767இலிருந்து 1774 வரை தாமஸ் பார்னார்ட் என்கிற பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரை ஊர் ஊராக அளந்தார். களத்தில் நெல் குவியலிலிருந்து யார் யாருக்கு எவ்வளவு மேரை என்ற கணக்கெல்லாம் பதிவாகியிருக்கிறது. இதை வைத்துக்கொண்டு பார், நம் பழைய கிராமம் எவ்வளவு சமத்துவமாகப் பகிர்ந்து வாழ்ந்தது என்று புல்லரித்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டியலில் பேர் இருப்பதும் பந்தியில் இடம் இருப்பதும் ஒன்றா? 1858இல் வெள்ளைக்காரன் சென்னை கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று போட்டான். ஏரிக்கரை, ஆற்றுக்கரை உடையும் ஆபத்து வந்தால் பக்கத்து ஊர் உழைக்கும் வகுப்பு ஆண்களைக் கூப்பிட்டு வேலை வாங்கலாம், வராவிட்டால் தண்டிக்கலாம். உழைக்கும் வகுப்பு என்றால் யார் என்று கணக்குப்பிள்ளைக்குத் தெரியாதா? குடிமராமத்து, குடிமராமத்து என்று இப்போது கொண்டாடுகிறோமே, 2017இல் அரசாங்கமே அந்தப் பேரில் திட்டம் போட்டதே, அதில் 'குடி' யார், 'மராமத்து' யார் என்று பிரித்துப் படிக்க வேண்டும். எங்கள் ஆயா சொல்கிற மாதிரி, 'கரைய வெட்டச்சொல்லத்தான் நம்மள கூப்ட்டானுங்க. கரைமேல நடன்னு எவன் கூப்ட்டான்?'

கால்வாய்க்கரைக்கும் இதே வரலாறு உண்டு. இங்கிலாந்தில் கால்வாய் ஓரமாக இருக்கிற ஒற்றையடிப் பாதைகள் இன்றைக்கு உல்லாச நடைக்குப் பேர் போனவை. அவை எதற்காகப் போடப்பட்டவை? படகைக் கயிற்றில் கட்டிக் குதிரை இழுத்துக்கொண்டு போவதற்காக. நம் ஊரில் பக்கிங்காம் கால்வாய். காக்ரேன் என்பவர் 1806இல் எண்ணூர்ப் பக்கம் தொடங்கியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற துண்டை 1877-78 பஞ்சத்தில் வெட்டினார்கள். தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலை என்று பேர். ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் கொடுத்தால் ஒரு ஆள் வேலை செய்து பிழைத்திருக்க முடியும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டது அந்தப் பஞ்சத்தில்தான். பட்டினியில் வெட்டிய கால்வாய்க்கு 1878இல் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பேரை வைத்தார்கள். இங்கே படகை இழுக்கக் குதிரை எதற்கு? பாய் விரித்தார்கள், கழி ஊன்றினார்கள், காற்று ஒத்துழைக்காதபோது கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மனிதர்கள் இழுத்தார்கள்.

தமிழில் இதைக் கண்ணால் பார்த்து எழுதியவர் பாரதிதாசன். 1934இல் ஒரு நிலா இரவில் ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, குஞ்சிதம், மயிலை சீனி. வேங்கடசாமி முதலியவர்களோடு தோணியில் மாமல்லபுரம் போனார். 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதை அதிலிருந்து வந்தது. கயிற்றைத் தோளில் போட்டு இழுக்கிற ஆள் அதில் வருகிறார். கல்கியிடம் இல்லாத கண் இது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். உல்லாசமாகப் போகும்போதே, தன் உல்லாசத்தை இழுத்துக்கொண்டு கரையில் ஒருவன் நடக்கிறான் என்று பார்க்கிற கண். ஆனாலும் ஒன்று. தோணிக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவருடைய பேரும் இலக்கிய வரலாற்றில் இருக்கிறது. கயிறு இழுத்தவர் பேர் இல்லை. அவர் எந்தக் குப்பத்தார், எந்தச் சேரியார் என்று நம் ஆய்வாளர்கள் யாரும் தேடியதாக எனக்குத் தெரியவில்லை. உழைப்பாளி என்ற பொதுப்பேரில் அவருடைய தெரு மறைந்துபோகிறது. சுயமரியாதைக்காரர்களும் பொதுவுடைமைக்காரர்களும் ஏறிய தோணியிலேயே இது நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கால்வாய் வேறு மாதிரி. 1983 ஒப்பந்தப்படி வந்த கிருஷ்ணா தண்ணீர், 1996இல் முதன்முதலாகப் பூண்டிக்கு எட்டிப் பார்த்தது. பூண்டியிலிருந்து நகரத்துக் குடிநீர் ஏரிகளுக்குப் போகிற கால்வாய்கள் சரிவாகச் சிமெண்ட் பூசியவை. ஓரமாக நடக்க வழி இருக்கிறது. இறங்கினால் பிடித்து ஏற ஒன்றும் இல்லை. கோடையில் குளிக்க இறங்குகிற பையன்கள் சாகிறார்கள், நாலாம் பக்கத்தில் ரெண்டு வரி வருகிறது. தண்ணீர் நம் ஊர் வழியாகப் போகிறது, நம் ஊருக்குப் போகவில்லை.

சும்மா நடப்பது என்பது நமக்குச் சும்மா கிடைத்ததல்ல. 1924இல் சென்னை சட்டசபையில், இரட்டைமலை சீனிவாசனும் ஆர். வீரையனும் உறுப்பினர்களாக இருந்தபோது, ஒரு தீர்மானம் நிறைவேறியது. எந்த வகுப்பாரும் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் நடப்பதற்கு ஆட்சேபணை இல்லை. பொதுக் கிணறு, குளம் எதற்கும் போவதற்கு ஆட்சேபணை இல்லை. யோசித்துப் பாருங்கள், நடப்பதற்குத் தீர்மானம். நடையும் நீர்நிலையும் ஒரே தீர்மானத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மூன்று வருஷம் கழித்து, 1927 மார்ச் 20, மகத் நகரத்தில் அம்பேத்கர் ஊர்வலமாக நடந்துபோய் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரை எடுத்துக் குடித்தார். அந்தக் குளம் அதற்கு முன்பே நகராட்சியால் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டதுதான், காகிதத்தில். நடந்துபோன பிறகுதான் அடி விழுந்தது. அப்புறம் சாணமும் கோமியமும் கரைத்து ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். இந்தியாவில் நீர்நிலையை நோக்கி நடந்த நடைகளில் இதற்கு ஈடாக நான் வேறொன்றையும் வைக்கமாட்டேன். நடக்க ஏற்ற பத்து நீர்க்கரைகள் என்று பட்டியல் போடுகிற எவருக்கும் மகத் ஞாபகம் வருவதில்லை.

பக்கத்து ஊர் ஏரி ஒன்று. பேர் வேண்டாம். அங்கே கரையைச் சீர்படுத்தி வேலி போட்ட புதிதில், ஆட்டை ஓட்டிக்கொண்டு வழக்கமான வழியில் போன எங்கள் ஆயாவைக் காக்கிச்சட்டை போட்ட ஒரு பையன் நிறுத்தினான். வாக்கிங் போகிறவர்களுக்கு மட்டும்தான் வழி என்றானாம். 'நானும் நடந்துகினுதானடா கீறேன்' என்றாளாம் ஆயா. அவனும் பாவம், ஏதோ ஒரு காலனிப் பையன்தான். இதை அடக்குமுறை என்று பெரிய சொல்லால் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரு சொல் மாறியிருக்கிறது. நடப்பது வேறு, வாக்கிங் வேறு என்று ஆகியிருக்கிறது. ஆடு மேய்ப்பதும் புல் அறுப்பதும் கோரை பிடுங்குவதும் கெண்டை பிடிப்பதும் செய்துகொண்டே நடந்தால் அது நடை அல்ல, அத்துமீறல்.

ஏரி சீரமைப்பு என்ற சொல்லாடலை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். ஏரி காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் வந்தது. அதன் கழிவும் ஊர்க் கழிவும் போய்ச் சேர்ந்து கொரட்டூர் ஏரி என்ன ஆனது என்று அந்தப் பகுதி மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்ப் போராடியிருக்கிறார்கள். அது மரியாதைக்குரிய போராட்டம். நான் கேட்பது வேறு. ஆயக்கட்டு முழுவதும் மனையாகி, மதகைச் செங்கல் வைத்து அடைத்து, வாய்க்காலின்மேல் கல்யாண மண்டபம் எழும்பிய பிறகு, பாசனம் செத்துப்போன ஏரியில் மிச்சம் இருப்பது காட்சிதான். காட்சிக்கு இடைஞ்சல் எது? மண்டபம் அல்ல, குடிசை. கூவம் சீரமைப்பு என்று கரையோரக் குடும்பங்களை ஆயிரக்கணக்கில் எடுத்துப் பெரும்பாக்கத்திலும், எங்கள் பக்கத்தில் திருமழிசை தாண்டி கூடப்பாக்கத்திலும் கொண்டுபோய் வைத்தார்கள். வேலை நகரத்தில், வீடு கூடப்பாக்கத்தில். அந்த சனம் இப்போது எவ்வளவு தூரம் நடக்கிறது என்று பஸ் நிற்கிற இடத்தில் நின்று பார்த்தால் தெரியும். அதுவும் ஏரிகள் நிறைந்த பிரதேசம்தான். அந்த நடையைப் பற்றி ஞாயிறு மலரில் ஒரு வரி கிடையாது.

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிட்டார்கள். மறுநாள் நகரம் முழுக்க ஒரே கேள்வி. மதகைத் திறந்தது யார், எப்போது, யார் உத்தரவில்? எனக்கு அப்போது கல்கியின் எழுபத்து நாலு கணவாய்தான் ஞாபகம் வந்தது. இத்தனை காலம் கேட்காத கேள்வியைத் தமிழ்ச் சமூகம் அன்றைக்குத்தான் கேட்டது, தண்ணீர் தன் வீட்டு வரவேற்பறைக்குள் வந்த பிறகு. எங்கள் காலனிக்குள் வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தது, அப்போது கேட்கவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு சேற்றை அள்ள வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் லாரியில் ஏற்றிவந்த துப்புரவுத் தொழிலாளர்கள் யார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நம் எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அது ஊரைச் சுற்றிக் காட்டித்தான் தொடங்குகிறது. மலை, குளங்கள், பிறகு எந்தத் தெருவில் எந்தச் சாதி. நீர்நிலையின் அழகையும் தெருவின் சாதியையும் ஒரே மூச்சில் சொன்ன அந்தத் தொடக்கத்துக்கு முன்னால் எத்தனை ஏரிக்கரை வருணனைகள் வெறும் பூச்சாகிவிடுகின்றன! ராஜ் கௌதமனின் சிலுவைராஜ் ஊர் சுற்றுகிறான், வெட்கப்படாமல் சுற்றுகிறான். சோ. தருமனின் 'சூல்' 2016. சாகித்திய அகாதெமி கொடுத்தது 2019இல். ஒரு கண்மாயையே கதையாக்கி நீர்பாய்ச்சிக்கு அதில் இடம் கொடுத்தது. ஆனால் கரிசல் கண்மாய்க்கு வந்தது எங்கள் செங்கல்பட்டுச் சீமை ஏரிக்கு இன்னும் வரவில்லை. மேற்கே அம்பத்தூர் தொடங்கி பூந்தமல்லி வரை, கழனி மனையாக மாறியதைக் கரைக்குக் கீழே இருந்து பார்த்த ஒரு நாவல் என் கண்ணில் படவில்லை.

இன்னொன்று. நம் எழுத்தில் வேலைக்கு நடப்பது இருக்கிறது, பிணம் தூக்கி நடப்பது இருக்கிறது, ஊரைவிட்டு நடப்பது இருக்கிறது. உலாத்துவது மிகக் குறைவு. இன்பத்தை எழுதினால் போராட்டம் நீர்த்துப்போகும் என்று யாரோ நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நம் தோழர்கள் சிலரே சொல்கிறார்கள், கூட்டத்தில் நான் இதைப் பேசியபோது ஒருவர் எழுந்து 'வாக்கிங் போறதுதான் தலித் விடுதலையா?' என்று கேட்டார். கைதட்டல்கூட கிடைத்தது அவருக்கு. வேலை இல்லாமல், கையில் அரிவாள் இல்லாமல், யாரும் கூப்பிட்டு வேலை வைக்காமல் ஒரு பறைச்சி ஏரிக்கரையில் ஒரு மணி நேரம் நடப்பது அரசியல் இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. நைட்டியும் ரப்பர் செருப்புமாக நடக்கிற அந்த மூன்று பேரைப் பற்றி ஒரு கதை வந்தால், பத்து வருணனைக் கட்டுரையை நான் கிழித்துப் போடத் தயார்.

பருத்திப்பட்டு, அம்பத்தூர், கொரட்டூர், அயப்பாக்கம், திருமுல்லைவாயில், போரூர், செம்பரம்பாக்கம் ஏரிகளுக்குக் கீழே கம்புகட்டி வீட்டுப் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அறுபது வயசுக்கு மேற்பட்டவர்களிடம் இப்போதே கேட்டால்தான் உண்டு. எங்கள் ஏரியில் இருந்த மதகுகளின் பேரும், எந்த மதகுக்கு எவ்வளவு கழனி என்பதும் எங்கள் ஆயாவுக்கு மனப்பாடம். நான் எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறேன், பாதிதான் முடிந்திருக்கிறது. அவள் தினமும் கால்மணி நேரம் சொல்வாள், பிறகு 'போதும் போ, ஆட்ட புடிச்சிகினு வரணும்' என்று எழுந்துவிடுவாள். மற்ற ஊர்த் தோழர்களும் தங்கள் ஊர் மதகுகளின் பேர், கம்புகட்டிக்குக் கொடுத்த மேரை, கரை உடைந்த வருஷம், அடைக்கப் போனவர்கள் பேர் ஆகியவற்றைப் பேசுகிற பாஷையிலேயே எழுதி இந்த இதழுக்கு அனுப்பலாம்.